போட்ஸ்வானாவும் நல்லாட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடிமைப்பணித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஆட்சியியல் பாடம் எடுப்பவன் நான். நல்லாட்சி என்று சொன்னதும் பங்கேற்பு, வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை என்று எட்டு அம்சங்களையும் மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார்கள். அது எங்கே நடந்தது, யார் எதை விட்டுக்கொடுத்ததால் நடந்தது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு பேசத் தொடங்கினேன். அந்த நாடு போட்ஸ்வானா. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாசகத்திலேயே தொகுத்திருக்கிறேன். முன்பே விடை சொன்ன இடங்களில் கேள்வியின் எண்ணை மட்டும் சுட்டியிருக்கிறேன்.

1. போட்ஸ்வானா எங்கே இருக்கிறது? அதை நாங்கள் எதற்குப் படிக்க வேண்டும்?

தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே, கடற்கரையே இல்லாத நாடு. பெரும்பகுதி கலஹாரிப் பாலைநிலம். பரப்பில் தமிழ்நாட்டைப்போல் நான்கு மடங்குக்கு மேல். மக்கள்தொகையோ 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 23.5 லட்சம்தான். கோயம்புத்தூர் மாவட்டத்தில் இதைவிட அதிகம் பேர் வசிக்கிறார்கள்.

1966 செப்டம்பர் 30 அன்று விடுதலை கிடைத்தபோது அங்கே இருந்த தார்ச்சாலை 12 கிலோமீட்டர். பட்டதாரிகள் 22 பேர். உயர்நிலைப் பள்ளி முடித்தவர்கள் 100 பேர். பிரிட்டிஷார் இந்த நாட்டை நிர்வகித்த தலைமை அலுவலகம்கூட நாட்டுக்குள் இல்லை. எல்லைக்கு அப்பால், தென்னாப்பிரிக்காவின் மஃபெகிங் நகரில் இருந்தது. தலைநகர் கேபரோனியையே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. போதாக்குறைக்குக் கடும் வறட்சி. ஆடுமாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அரசு ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கவே லண்டனின் மானியம் வேண்டியிருந்தது.

அப்படித் தொடங்கிய நாடு அடுத்த முப்பது ஆண்டுகளில், நபர்வாரி வருமானம் உலகிலேயே மிக வேகமாக வளர்ந்த நாடுகளில் ஒன்றானது. இடையில் ராணுவப் புரட்சி நடக்கவில்லை. ஒரு தேர்தலும் ரத்தாகவில்லை. படிக்க இது போதாதா?

2. நல்லாட்சி என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஆள்பவரை, அவர் விரும்பாதபோதும் கட்டுப்படுத்தும் விதிகள் இருப்பதும், அந்த விதிகள் ஏட்டோடு நின்றுவிடாமல் நடப்பதும். எட்டு அம்சங்களும் தவறல்ல. ஆனால் அவற்றில் எதுவும் இந்த ஒன்று இல்லாமல் நிற்காது.

3. வைரம் கிடைத்தது, பணக்கார நாடானது. இதில் தலைமைக்கு என்ன வேலை?

இதுதான் எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி. வைரம் சியரா லியோனிலும் கிடைத்தது, அங்கோலாவிலும் காங்கோவிலும் கிடைத்தது. அங்கெல்லாம் அது துப்பாக்கி வாங்கத்தான் பயன்பட்டது.

அதிர்ஷ்டத்தின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். சியரா லியோனின் வைரம் ஆற்று மணலில் கிடப்பது. மண்வெட்டியும் சல்லடையும் வைத்திருக்கும் எவரும் அரித்தெடுக்கலாம். ஆயுதக் குழு வந்து அந்த ஆற்றங்கரையைப் பிடித்துக்கொள்ளலாம். போட்ஸ்வானாவின் வைரம் பூமிக்குள் குழாய்போல் இறங்கும் கிம்பர்லைட் பாறையில் இருக்கிறது. வேலி போட்டு, பெரிய முதலீடு செய்து, இயந்திரங்களை இறக்கித்தான் எடுக்க முடியும். வேலிக்குள் நடப்பதைக் கணக்கு வைப்பது எளிது. இயற்கை செய்த உதவி இது.

மீதி மனிதர்கள் செய்தது. 1967இல் ஒராபாவில் வைரப் பாறை கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த கனிமச் சட்டம், நிலத்தடியில் இருப்பது எந்தக் குலத்தின் நிலமானாலும் நாட்டுக்கே சொந்தம் என்றது. ஒராபா இருந்தது பங்வாட்டோ குலத்தின் நிலத்தில். அந்தக் குலத்தின் தலைமைக்குப் பிறந்தவர்தான் சட்டத்தைக் கொண்டுவந்த குடியரசுத் தலைவர் செரெட்சே காமா. ‘எங்கள் மண், எங்கள் வைரம்’ என்று அவர் நின்றிருந்தால் ஆட்சேபிக்க யார் இருந்தார்கள்? பிறகு பங்கீட்டையும் விட்டுவைக்கவில்லை. டி பியர்ஸ் நிறுவனத்தோடு தொடக்கத்தில் செய்த ஒப்பந்தத்தில் சுரங்க நிறுவனத்தில் அரசுக்கு 15 சதவீதப் பங்கு. 1975இல் மறுபடி பேரம் பேசி அதை 50 சதவீதமாக்கினார்கள். வரியும் உரிமத்தொகையும் தனி. உலகின் மிக மதிப்பு வாய்ந்த வைரச் சுரங்கங்களில் ஒன்றான ஜ்வனெங் 1982இல் உற்பத்திக்கு வந்தபோது விதிகள் ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டிருந்தன. பெரும்பணம் வந்த பிறகு விதி எழுத உட்கார்ந்திருந்தால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் வேறு ஆட்களாக இருந்திருப்பார்கள்.

4. செரெட்சே காமா அரச குடும்பத்தில் பிறந்தவர் என்கிறீர்கள். அவர் எப்படி ஜனநாயகவாதி ஆனார்?

தந்தை இறந்தபோது அவருக்கு நான்கு வயது. சித்தப்பா செகெடி காமா பதில் ஆட்சியாளராக இருந்து வளர்த்தார், படிக்க அனுப்பினார். 1948இல் லண்டனில் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை செரெட்சே திருமணம் செய்துகொண்டார். சித்தப்பா கொதித்தார். ஆனால் செரோவே ஊரில் 1949 ஜூனில் கூடிய குலச் சபையில் செரெட்சே நேரடியாகக் கேட்டார்: என்னை ஏற்காதவர்கள் எழுந்து நில்லுங்கள். நாற்பது பேர் வாக்கில் எழுந்தார்கள். ஏற்பவர்கள் எழுங்கள் என்றதும் ஆயிரக்கணக்கானோர் ஆரவாரத்தோடு எழுந்து நின்றார்கள்.

சபை ஏற்றும் லண்டன் ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் அப்போதுதான் நிறவெறி ஆட்சி வந்திருந்தது. பக்கத்து நாட்டில் கறுப்பினத் தலைவருக்கு வெள்ளைக்கார மனைவியா என்று அவர்கள் பொங்கினார்கள். தென்னாப்பிரிக்காவின் தங்கமும் யுரேனியமும் பிரிட்டனுக்கு வேண்டியிருந்தன. ஆட்சி செய்யத் தகுதியுள்ளவர்தான் என்று விசாரணைக் குழுவே சொல்லியும், அந்த அறிக்கையை மறைத்துவிட்டு பிரிட்டிஷார் அவரை நாடு கடத்தினார்கள். ஆறு ஆண்டு கழித்து, தலைமை உரிமையைத் துறந்து சாதாரணக் குடிமகனாகத்தான் 1956இல் ஊர் திரும்ப முடிந்தது. பிறகு கட்சி தொடங்கினார். 1965 தேர்தலில் 31 இடங்களில் 28ஐ வென்றார். பிறப்பால் வந்த அதிகாரத்தை ஒரு அரசாங்கம் காகிதத்தில் ஒரு கையெழுத்தில் பறித்துவிடும் என்பதை அனுபவித்தவர் அவர். அந்த அனுபவம் அவரைச் செதுக்கியது என்றுதான் நான் படிக்கிறேன். குலத் தலைமையின் மதிப்பு அவருக்கு வாக்காகவும் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

5. மற்ற குலத் தலைவர்களின் அதிகாரத்தைப் பறித்தபோது அவர்கள் சும்மா இருந்தார்களா?

இருக்கவில்லை. கனிமத்தை அடுத்து நிலத்துக்கு வந்தார்கள். யாருக்கு எந்த நிலம் என்று ஒதுக்கும் உரிமை காலங்காலமாகக் குலத் தலைவரிடம் இருந்தது. 1968 குலநிலச் சட்டம் அதை எடுத்து நில வாரியங்களிடம் கொடுத்தது. தலைவர்களுக்கென்று ஒரு அவை அமைத்தார்கள். அதற்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்.

பங்வகெட்சே குலத்தின் தலைவர் இரண்டாம் பத்தோன் நாற்பது ஆண்டுகள் ஆண்டவர். அவர் 1969இல் தலைமையைத் துறந்து எதிர்க்கட்சியில் சேர்ந்தார். தன் ஊரான கான்யேயில் தேர்தலில் நின்றார். எதிரே நின்றவர் சாதாரண ஆள் அல்லர்: துணைக் குடியரசுத் தலைவரும் நிதி அமைச்சருமான க்வெட் மசிரே. அதே ஊரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த காலத்திலிருந்தே மசிரேக்கும் பத்தோனுக்கும் ஆகாது. முடிவில் துணைக் குடியரசுத் தலைவர் தோற்றார்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம்: ஒன்றும் நடக்கவில்லை. வாக்குப்பெட்டி காணாமல் போகவில்லை, பத்தோன் கைதாகவில்லை. மசிரே நியமன உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குத் திரும்பிப் பதவியில் தொடர்ந்தார். இது அவ்வளவு அழகான ஏற்பாடு இல்லைதான். ஆனால் அரசியலமைப்பு அனுமதித்த வழி. தோற்ற முடிவு தோற்ற முடிவாகவே நின்றது. இந்த நிகழ்வைக் கேள்வி 8இல் மறுபடி பார்ப்போம்.

6. அங்கே ‘கோட்லா’ என்று ஒன்று உண்டாமே. நம் கிராம சபை மாதிரியா?

வெளித்தோற்றத்தில் கொஞ்சம். தடித்த மரக்கட்டைகளை அரைவட்டமாக நட்டு நிறுத்திய வேலி, அதற்குள் திறந்தவெளி. ஊரார் தத்தம் நாற்காலியை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து உட்காருவார்கள். தலைவர் எல்லோரும் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டுக் கடைசியில்தான் பேசுவார். அங்கே வழக்குத் தீர்ப்பதும் உண்டு, கொள்கை பேசுவதும் உண்டு. விடுதலைக்குப் பிறகு அமைச்சர்களும் அதிகாரிகளும் திட்டங்களை அறிவிக்க இங்கே வந்து நிற்பது வழக்கமானது.

அது வெறும் சடங்கா என்று கேட்பவர்களுக்கு மவுன் ஊர்க் கதையைச் சொல்வேன். ஒக்கவாங்கோ நீர்நிலப் பகுதியில் போரோ ஆற்றைத் தூர்வாரி, அணை கட்டி, பாசனத்துக்கும் ஒராபா சுரங்கத்துக்கும் தண்ணீர் எடுக்க அரசு திட்டமிட்டது. ஒப்பந்தம் போட்டாயிற்று. 1991 ஜனவரியில் மவுன் கோட்லாவில் நூற்றுக்கணக்கானோர் கூடினார்கள். மணிக்கணக்கில் ஒவ்வொருவராக எழுந்து எதிர்த்தார்கள். ஆறு வற்றிவிடும், மீன் போய்விடும், நாணல் போய்விடும் என்றார்கள். அரசு வேலையை நிறுத்திவைத்தது; பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தை அழைத்து மறு ஆய்வு செய்யச் சொன்னது. ஆய்வு ஊராரின் பக்கம் வந்தது. 1992இல் திட்டம் கைவிடப்பட்டது.

மறுபக்கம்: பெண்களுக்கு நெடுங்காலம் கோட்லாவில் பேச்சுரிமை இல்லை. கலஹாரியின் பூர்வகுடிகளான சான் மக்களை, அங்கே பசர்வா என்பார்கள், யாரும் சபையில் சமமாக உட்கார வைத்ததில்லை. அதனால் கோட்லாவைப் பொற்காலமாக்கிக் கட்டுரை எழுதாதீர்கள்.

7. வந்த பணத்தை என்னதான் செய்தார்கள்?

சாலை, பள்ளி, மருத்துவமனை, குடிநீர். பட்டியலில் புதுமை இல்லை. செலவழித்த முறையில்தான் இருக்கிறது. நிதியையும் திட்டமிடலையும் ஒரே அமைச்சகத்தின் கீழ் வைத்தார்கள். ஐந்தாண்டுத் திட்டத்தில் இல்லாத பணிக்கு அமைச்சர் ஒருவர் திடீரென்று காசு கேட்டால் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். கனிம வருமானம் சுரங்கத்தோடு ஒருநாள் தீர்ந்துபோகும் பணம். அதைச் சம்பளத்தில் கரைக்காமல் கட்டுமானத்துக்கும் கல்விக்கும் உடல்நலத்துக்கும் செலவிட வேண்டும் என்பது கொள்கை. 1976இல் சொந்த நாணயம் வெளியிட்டார்கள். மிச்சத்தைச் சேமிக்க 1994இல் பூலா நிதியத்தை அமைத்தார்கள்.

அரசு வேலைகளை உடனே உள்ளூர்க்காரர்களுக்குக் கொடு என்று விடுதலை பெற்ற நாடுகளில் எல்லாம் நெருக்கடி இருந்த காலம் அது. போட்ஸ்வானா மெதுவாகப் போனது. தகுதியுள்ள உள்ளூர் ஆள் வரும்வரை வெளிநாட்டு அதிகாரி இருக்கட்டும் என்றார்கள். வாக்கு வாங்கித் தரும் முடிவா அது? 1980களில் ஆண்டுக்கணக்கில் மழை பொய்த்தபோது இந்த நிர்வாகம்தான் வேலைத் திட்டங்களையும் உணவு விநியோகத்தையும் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனது. பஞ்சச் சாவு நிகழவில்லை. அதே ஆண்டுகளில் எத்தியோப்பியாவில் என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும்.

8. சின்ன நாடு, ஒரே இனம். அதனால் எளிதாக முடிந்தது, இல்லையா?

ஒரே இனம் என்பது பாதி உண்மை. செட்ஸ்வானா பேசுபவர்கள் பெரும்பான்மை. கலங்கா, பயேயி, ஹெரேரோ, பசர்வா என்று மற்றவர்களும் இருக்கிறார்கள். ஒரே மொழி, ஒரே மதம் போதுமென்றால் சோமாலியா சொர்க்கமாக இருந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பொருத்தமான ஒப்பீடு லெசோத்தோ. அதுவும் சின்ன நாடு, அதுவும் கடல் இல்லாதது, அதுவும் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தது. மக்கள் உறவினர்கள், மொழிகள் நெருக்கமானவை, கோட்லாவைப் போன்ற ஊர்ச்சபை மரபும் உண்டு. விடுதலை 1966 அக்டோபர் 4. போட்ஸ்வானாவுக்கு நான்கு நாள் கழித்து. அங்கே 1970 ஜனவரித் தேர்தலில் தோற்கப்போவது தெரிந்ததும் பிரதமர் லெபுவா ஜோனதன் தேர்தலையே ரத்து செய்தார், அவசரநிலை அறிவித்தார், எதிர்க்கட்சித் தலைவரைச் சிறையில் அடைத்தார். அதற்குச் சில மாதம் முன்புதான் போட்ஸ்வானாவில் துணைக் குடியரசுத் தலைவர் தோற்று, தோல்வியை ஏற்றிருந்தார் (கேள்வி 5). லெசோத்தோவிடம் ஒராபா போன்ற பெரிய வைரச் சுரங்கமும் பெரிய மாட்டுமந்தைகளும் இல்லை, ஆகவே பதவியை விட்டால் பிழைக்க வழியில்லாத அரசியல்வாதிகள் அதிகம் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் 1969இல் போட்ஸ்வானாவிலும் ஒரு ரூபாய் வைரப் பணம்கூட வந்திருக்கவில்லை. ஒராபா உற்பத்தி தொடங்கியது 1971இல்.

9. அவர்கள் எல்லாம் தியாகிகளா? தங்கள் நலனைப் பார்க்கவே இல்லையா?

பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள். ஆளும் கட்சித் தலைவர்களில் பலர் பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள். மாட்டிறைச்சி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானது. கோமாரி நோய் பரவாமல் வேலி, தடுப்பூசி, ஆழ்துளைக் கிணறு, சாலை என்று அரசு செய்த செலவில் பெரும்பகுதி அவர்கள் மந்தைக்கும் போய்ச் சேர்ந்தது. நாட்டை ஆள்பவர்களின் வருமானம் நாட்டின் ஏற்றுமதியைச் சார்ந்திருந்ததால், பொருளாதாரத்தைக் குலைப்பது அவர்களுக்கே நட்டம். மாடு இல்லாத ஏழைக்கு அந்த அளவு பயன் கிடைக்கவில்லை. இன்றுவரை உலகின் மிக மோசமான வருமான ஏற்றத்தாழ்வு உள்ள நாடுகளில் ஒன்றாக போட்ஸ்வானா இருப்பதன் வேர்களில் ஒன்று இது.

10. ஊழலே கிடையாதாமே?

யார் சொன்னது? 1990களின் தொடக்கத்தில் கேபரோனியை ஒட்டிய மொகோடிட்சானேவில் நில ஒதுக்கீட்டு ஊழல் வெடித்தது. கபோ விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது. 1992இல் துணைக் குடியரசுத் தலைவர் பீட்டர் மூசியும் மூத்த அமைச்சர் டேனியல் க்வெலகோபேயும் பதவி விலகினார்கள். இதுபோன்ற சில விவகாரங்கள் அடுக்கடுக்காக வந்ததால் 1994இல் ஹாங்காங் முன்மாதிரியில் ஊழல், பொருளாதாரக் குற்றத் தடுப்பு இயக்ககம் அமைக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் ஊழல் மிகக் குறைந்த நாடு என்ற பெயரை போட்ஸ்வானா பல ஆண்டுகள் வைத்திருந்தது. பிறகு செஷல்ஸ் போன்றவை முந்திவிட்டன. அந்த இயக்ககம் குடியரசுத் தலைவர் அலுவலகத்தின் கீழ் இருப்பது அதன் பெரிய பலவீனம். சின்ன மீன்களைப் பிடிக்கிறது, பெரிய மீன்கள் நழுவிவிடுகின்றன என்ற குற்றச்சாட்டு அங்கேயே நெடுநாளாக உண்டு.

11. கண்டிப்பான ஒரு தலைவர் போதும், தேர்தல் எதற்கு? சிங்கப்பூரைப் பாருங்கள் ஐயா.

ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் வகுப்பு முடிந்ததில்லை. கண்டிப்பான தலைவர்களின் பட்டியலை முழுதாக எழுதிப் பாருங்கள். 1971இல் உகாண்டாவில் இடி அமீன் ஆட்சியைப் பிடித்தபோது கம்பாலா தெருக்களில் மக்கள் ஆடிப்பாடினார்கள்; ஒழுங்கு வந்துவிட்டது என்று நம்பினார்கள். காங்கோவின் மொபுட்டுவும் கண்டிப்பானவர்தான். நமக்கு நினைவில் நிற்பது லீ குவான் யூ மட்டும். லாட்டரியில் வென்றவரை மட்டும் பேட்டி எடுத்துவிட்டு லாட்டரி நல்ல தொழில் என்று எழுதுவதைப்போன்றது இது. சிங்கப்பூரின் ஊழல் தடுப்புப் பிரிவு 1952இலேயே பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கியது. நீதிமன்றமும் குடிமைப்பணியும் அதற்கு முன்பே இருந்தன. ஒருவரின் கண்டிப்பு மட்டும் அந்த ஊரைக் கட்டவில்லை.

போட்ஸ்வானா தேர்தலை நடத்திக்கொண்டேதான் வளர்ந்தது. இன்னொன்றும் சொல்கிறேன்: விடுதலைக்குப் பிறகு பதினொரு ஆண்டுகள் அந்த நாட்டுக்கு ராணுவமே இல்லை. ரொடீஷியப் (இன்றைய ஜிம்பாப்வே) படைகள் எல்லை தாண்டித் தாக்கத் தொடங்கிய பிறகுதான் 1977இல் பாதுகாப்புப் படை அமைத்தார்கள். 1985 ஜூனில் தென்னாப்பிரிக்கப் படையினர் கேபரோனிக்குள்ளேயே புகுந்து 12 பேரைக் கொன்றார்கள். அப்படிப்பட்ட அண்டை நாடுகளுக்கு நடுவில் இருந்துகொண்டு அவசரநிலை அறிவிக்கக் காரணம் தேட வேண்டியதே இல்லை. அறிவிக்கவில்லை.

12. அரசுக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறதா, அல்லது எல்லாம் பேச்சா?

இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். வெளிநாட்டவரை மணந்த போட்ஸ்வானா பெண்ணின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடையாது என்று ஒரு சட்டம் இருந்தது. ஆண் வெளிநாட்டுப் பெண்ணை மணந்தால் தடையில்லை. (நாட்டின் முதல் குடியரசுத் தலைவரின் திருமணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.) யூனிட்டி டாவ் என்ற வழக்கறிஞர் வழக்குப் போட்டார். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அரசு முணுமுணுத்தது, இழுத்தடித்தது, 1995இல் சட்டத்தைத் திருத்தியது. டாவ் பிறகு உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார்.

இரண்டாவது, மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்திலிருந்து பசர்வா மக்களை 1997லும் 2002லும் வெளியேற்றிய விவகாரம். அவர்களுக்குத் தண்ணீர் விநியோகத்தையே நிறுத்தினார்கள். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் வெளியேற்றியது சட்டவிரோதம் என்றது. அரசு அந்தத் தீர்ப்பை எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்கியது: வழக்கில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே அனுமதிச் சீட்டு இல்லாமல் திரும்பலாம், ஆழ்துளைக் கிணறு கிடையாது என்றது. கிணற்றுக்காக இன்னொரு வழக்கு நடத்தி 2011இல்தான் வென்றார்கள். பாலைவனத்தில் தண்ணீர் குடிக்க மறுபடியும் வழக்காட வைத்த ஆட்சியை இந்த விஷயத்தில் நல்லாட்சி என்று என்னால் எழுத முடியாது.

13. எச்ஐவி வந்தபோது என்ன செய்தார்கள்?

2000 வாக்கில் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தொற்று இருந்தது. சராசரி ஆயுள் ஐம்பதை ஒட்டிச் சரிந்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஃபெஸ்டஸ் மொகாயே, நாடு அழிவின் விளிம்பில் நிற்கிறது என்று வெளிப்படையாகப் பேசினார். பக்கத்து நாடான தென்னாப்பிரிக்காவில் அதிபர் தாபோ எம்பெக்கி, எச்ஐவிதான் எய்ட்ஸுக்குக் காரணமா என்று ஐயம் கிளப்பிக்கொண்டிருந்த காலம் அது. 2002இல் போட்ஸ்வானா அரசே மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆப்பிரிக்காவில் இதுவே முதல். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைப் பெருமளவு குறைத்ததற்காக 2021இல் உலக சுகாதார அமைப்பு சான்றளித்தது.

14. இயன் காமா, செரெட்சேயின் மகன்தானே. அப்படியானால் இதுவும் வாரிசு அரசியல்தானே?

ஆம். நான் மழுப்பப் போவதில்லை. செரெட்சே 1980இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அடுத்து வந்தவர் மகன் அல்லர், மசிரே. மசிரே 1998இல் தானாக விலகினார். மொகாயே பத்து ஆண்டு வரம்பு முடிந்ததும் 2008இல் விலகினார். நல்லாட்சி செய்த ஆப்பிரிக்கத் தலைவர்களுக்குத் தரும் மோ இப்ராஹிம் விருதும் அதே ஆண்டு பெற்றார். ஆனால் இதே கைமாற்றத்தில் ஒரு ஓட்டை இருந்தது. குடியரசுத் தலைவர் விலகினால் துணைக் குடியரசுத் தலைவர் தேர்தல் இல்லாமலே அந்த இடத்தில் அமர்வார் என்று 1990களின் இறுதியில் விதி செய்தார்கள். ராணுவத் தளபதியாக இருந்த இயன் காமாவைத் துணைப் பதவிக்குக் கொண்டுவந்தபோதே அடுத்த பத்தாண்டு முடிவாகிவிட்டது.

இன்னொரு ஓட்டை: பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர்மேல் வழக்குத் தொடர முடியாது. 2009இல் கட்சியின் பொதுச்செயலாளர் கொமொலெமோ மொட்ஸ்வலேடியை இயன் காமா இடைநீக்கம் செய்தார். அவர் நீதிமன்றம் போனார். அரசியலமைப்பு காக்கிறது என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார்கள். கட்சி விவகாரத்தில்கூட இந்தக் காப்பு செல்லும் என்றானது. கேள்வி 2க்கு நான் சொன்ன விடையை இங்கே பொருத்திப் பாருங்கள். மொட்ஸ்வலேடியும் நண்பர்களும் வெளியேறிப் புதுக் கட்சி தொடங்கினார்கள். 2012இல் அது மற்ற எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து ஒரு கூட்டணியானது. 2014இல் மொட்ஸ்வலேடி கார் விபத்தில் இறந்தார்.

15. ஒரே கட்சி 58 ஆண்டு ஆண்டதை ஜனநாயகம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

2024 வரை இதற்கு என்னிடம் உறுதியான விடை இல்லை. வாக்குகள் சிதறியதால் கட்சி பிழைத்தது என்பதே உண்மை. 2014இல் ஆளும் கட்சிக்குப் பாதிக்கும் குறைவாக, சுமார் 46 சதவீத வாக்குதான். ஆனால் 57 இடங்களில் 37 கிடைத்தன. அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி என்ற முறை எங்கும் செய்வது இது.

2024 அக்டோபர் 30 தேர்தலில் 61 இடங்களில் ஆளும் கட்சிக்குக் கிடைத்தவை 4. கேள்வி 14இல் சொன்ன கூட்டணி 36 இடங்களோடு வென்றது. எண்ணிக்கை முழுதாக முடியுமுன்பே குடியரசுத் தலைவர் மொக்வீட்சி மசிசி தோல்வியை ஒப்புக்கொண்டார். நவம்பர் 1 அன்று கூட்டணியின் தலைவர் டுமா போகோ பதவியேற்றார். 1969இல் கான்யேயில் ஒரு தொகுதி அளவில் நடந்தது இம்முறை நாடு முழுவதற்கும் நடந்தது.

16. அவ்வளவு நன்றாக ஆண்டிருந்தால் ஏன் 4 இடத்துக்குச் சுருங்கினார்கள்?

வேலையில்லாத் திண்டாட்டம், குறிப்பாகப் படித்த இளைஞர்களிடையே. மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு. ஊழல் குற்றச்சாட்டுகள். மசிசிக்கும் இயன் காமாவுக்கும் மூண்ட பகையில் காமா தென்னாப்பிரிக்காவுக்குப் போய் அமர்ந்து, செரோவே பகுதி வாக்குகளைத் தனிக் கட்சிக்குத் திருப்பிவிட்டார். இவற்றுக்கெல்லாம் அடியில் வைரச் சந்தையின் சரிவு.

17. ஆய்வக வைரம் வந்துவிட்டது. இனி போட்ஸ்வானா கதை முடிந்ததா?

நெருக்கடி கடுமையானது. சீனாவிலும், நம் நாட்டில் சூரத்தைச் சுற்றிலும் ஆய்வகத்தில் உருவாக்கும் வைரம் இயற்கை வைரத்தின் விலையை உடைத்துவிட்டது. 2024இல் அந்த நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. 2025 ஆகஸ்டில் மருந்து வாங்கி விநியோகிக்கும் அமைப்பே நொடித்து, போகோ பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார். சுரங்கத்தை விட்டால் வேறு வருமானம் வேண்டும் என்று ஒவ்வொரு ஐந்தாண்டுத் திட்டத்திலும் எழுதினார்கள். எழுதியதோடு சரி. பூலா நிதியத்தில் அரசு சேர்த்து வைத்ததும் பெருமளவு கரைந்துவிட்டது. கேள்வி 7இல் நான் புகழ்ந்த ஒழுங்கு கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் தளர்ந்துவிட்டது என்பதே என் கணிப்பு.

2025 பிப்ரவரியில் டி பியர்ஸோடு புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. கச்சா வைரத்தில் அரசு நிறுவனம் நேரடியாக விற்கும் பங்கு 30 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக 50 சதவீதம்வரை உயரும். விலை வீழ்ந்த பொருளில் கூடுதல் பங்கு வாங்கியிருக்கிறார்கள். இது வெற்றியா என்பது சந்தையைப் பொறுத்தது. நான் கவனிப்பது வேறு இரண்டை: குடியரசுத் தலைவரை வழக்கிலிருந்து காக்கும் பிரிவைப் புதிய ஆட்சி, இப்போது அந்த நாற்காலியில் தன் ஆள் இருக்கும்போது, திருத்துமா? ஊழல் தடுப்பு இயக்ககத்தைக் குடியரசுத் தலைவர் அலுவலகத்திலிருந்து வெளியே எடுக்குமா? எதிர்க்கட்சியாக இருந்தபோது அவர்கள் கேட்டது இவைதான். அடுத்த தேர்தல் 2029இல்.